முதல் பல நாள் மலைச் சைக்கிள் பந்தயம்: மூன்று நாளா, எட்டு நாளா?

ஜோகன்னஸ்பர்க்கில் சனிக்கிழமை காலைகளில் என்னோடு சைக்கிள் ஓட்ட வரும் தம்பி ஒருவர் போன மாதம் கேட்டார். "அண்ணா, எப்படியும் ஆறு மாசம் உடம்பை வருத்திப் பயிற்சி செய்யணும். அப்புறம் எதுக்கு மூணு நாள் ரேஸ்? நேரா எட்டு நாள் கேப் எபிக் ரேஸுக்கே போயிடலாமே?"

நல்ல கேள்விதான். அவர் இரண்டு வருடமாக ஓட்டுகிறார். 80 கிலோமீட்டர் ஒரே மூச்சில் ஓட்டுவார், ஏற்றத்தில் என்னை விட வேகம். அப்படிப்பட்டவருக்கு 'முதலில் சின்னதில் தொடங்கு' என்று சொன்னால் பயந்தாங்கொள்ளிப் பேச்சாகத்தான் படும். அதனால் அன்று காபி குடித்தபடி ஒரு மணி நேரம் பேசினோம். பேசியதையும், பேச மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே யோசனையில் இருப்பவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள்.

முதலில் ஒரு கணக்கு. நம் தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 400 முதல் 500 கிராம். அழுத்தி ஓட்டினால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் அது அடிமட்டத்துக்கு வந்துவிடும். ஓடும்போது சாப்பிடுவதால்தான் மீதி நேரம் வண்டி நகர்கிறது. அந்தக் கையிருப்பை மறுபடி முழுதாக நிரப்ப, நன்றாகச் சாப்பிட்டாலும் சுமார் 24 மணி நேரம் வேண்டும். பல நாள் பந்தயத்தில் மதியம் 2 மணிக்கு வந்து சேர்கிறோம், மறுநாள் காலை 7 மணிக்குக் கிளம்புகிறோம். இடையில் இருப்பது 17 மணி நேரம். முதல் நாள் முழுப் பானையோடு கிளம்புகிறோம், இரண்டாம் நாள் கொஞ்சம் குறைந்த பானை, மூன்றாம் நாள் இன்னும் குறைந்த பானை. ஒருநாள் பந்தயத்தில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்த மூன்றாம் நாள் காலையை நாம் பார்த்திருக்க மாட்டோம். எந்தப் பந்தயம், எந்த சைக்கிள், எந்தத் தோழர், எங்கே தூக்கம் என்று எதைத் தேர்ந்தெடுக்கும்போதும் நான் மனதில் வைத்துக்கொள்வது அந்தக் காலையைத்தான்.

மூன்று பந்தயங்கள்

தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு பாக்கியம் உண்டு. இந்த விளையாட்டுக்கு இவ்வளவு நல்ல பந்தயங்கள் ஒரே நாட்டில் அமைவது அபூர்வம். எனக்குத் தெரிந்த மூன்றை மட்டும் சொல்கிறேன். மூன்றிலும் இருவர் அணியாக ஓட்டியிருக்கிறேன்.

கேப் எபிக் 2004இல் தொடங்கியது. கெவின் வெர்மாக் என்பவர் கோஸ்டா ரிகாவில் கடலிலிருந்து கடல் வரை நடக்கும் லா ரூட்டா பந்தயத்தில் ஓட்டிவிட்டு வந்து, 'நம் ஊரிலும் இப்படி ஒன்று வேண்டும்' என்று ஆரம்பித்தார். முதல் வருடம் நைஸ்னாவிலிருந்து ஸ்டெலன்போஷ் பக்கம் உள்ள ஸ்பியர் வரை ஓட்டினார்கள். இப்போது மேற்கு கேப்பில், பெரும்பாலும் மார்ச் மாதத்தில், முதல் நாள் 'புரோலாக்' என்னும் ஒரு குட்டி முன்னோட்ட ஓட்டம், அப்புறம் ஏழு முழு நாட்கள். அண்மைய ஆண்டுகளில் தூரம் 600 முதல் 700 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, மொத்த ஏற்றம் 15,000, 16,000 மீட்டரைத் தொடுகிறது. எவரெஸ்ட்டின் உயரம் 8,849 மீட்டர். அதைக் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட இரண்டு தடவை ஏறுவதற்குச் சமம். அதுவும் தார்ச்சாலையில் இல்லை. காலுக்கடியில் உருளும் கற்கள், புழுதி, நிழலே இல்லாத திராட்சைத் தோட்ட ஓரங்கள், 35 டிகிரி தாண்டும் வெயில். அணியின் இருவரும் ஒருவரை விட்டு ஒருவர் இரண்டு நிமிடத்துக்கு மேல் விலகக் கூடாது. ஒவ்வொரு நாளும் நேர வரம்பு உண்டு. என்னைப் போன்ற நடுத்தர ஓட்டுநர் தினமும் ஆறு முதல் எட்டு மணி நேரம் இருக்கையில் இருக்க வேண்டும்.

சானி டு சி வேறு மாதிரி. குவாசுலு நட்டாலில் டிராக்கன்ஸ்பெர்க் மலையடிவாரத்தில், ஹிமவில் பக்கம் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தொடங்கி, மூன்று நாளில் ஸ்காட்பர்க் கடற்கரையில் முடியும். மொத்தம் ஏறக்குறைய 260 கிலோமீட்டர். மே மாதம், மழை இல்லாத காலம். 2005இல் கிளென் ஹா என்ற விவசாயி தன் பகுதிப் பள்ளிக்கு நிதி திரட்டத் தொடங்கியது இது. இன்றும் தண்ணீர் மேசைகளிலும் சாப்பாட்டுக் கூடாரத்திலும் நிற்பவர்கள் அந்தந்த ஊர்ப் பள்ளிகளின் பெற்றோர்களும் பிள்ளைகளும்தான். பாதை வழவழப்பாக ஓடும் ஒற்றையடிப் பாதை, நீர்நிலைகள் மேல் மிதக்கும் பாலங்கள், பைன் காடு. இரண்டாம் நாள் உம்கோமாஸ் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் அந்த நீண்ட இறக்கத்தை நினைத்தால் இப்போதும் கை பிரேக்கைத் தேடுகிறது. இறங்கியதற்கெல்லாம் சேர்த்து எதிர்ப்பக்கம் ஏறவும் வேண்டும், அதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். மூன்றாம் நாள் கரும்புக் காடுகளுக்குள் ஓடும். 1860இல் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, நம் ஆட்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கி உழைத்த கரும்பு மண் இந்த நட்டால் கடற்கரைதான். முதல் தடவை அந்தக் கரும்புச் சோலைகள் நடுவே ஓட்டியபோது காலில் இருந்த வலி கொஞ்ச நேரம் மறந்துபோனது உண்மை.

மூன்றாவது வைன்ஸ் டு வேல்ஸ். மேற்கு கேப்பில், அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம். இதுவும் மூன்று நாள்தான், தூரம் சானியை விடக் குறைவு. ஆனால் குறைவு என்று நம்பிப் போனால் ஏமாந்துபோவோம். குறுகலான, கல் நிறைந்த, செங்குத்தான பாதைகள் அதிகம். நான் ஓட்டிய வருடம் கான்டோ கணவாயில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தோம். அந்தக் காலத்தில் மாட்டுவண்டிகள் ஏறிய கணவாய் அது. வண்டிச் சக்கரம் தேய்த்த தடம் பாறையில் இன்னும் தெரிகிறது. இன்னொரு வசதி, கிராபோ பக்கம் ஒரே முகாமில் இரண்டு இரவு தங்கலாம். மூட்டை கட்டி அவிழ்க்கும் வேலை பாதியாகிவிடும்.

இந்த மூன்றில் முதலாவதாக எது? சானி டு சிதான் என்பேன், யோசிக்காமல். காரணம் எளிதாக இருப்பது மட்டும் இல்லை. மூன்றாம் நாள் காலையைப் பார்க்க வேண்டும், அதே சமயம் அதில் தோற்றுப்போகாமல் கடற்கரை வரை போகவும் வேண்டும். பாதை வழவழப்பாக இருப்பதால் சோர்ந்த கையோடு விழும் ஆபத்து குறைவு. வைன்ஸ் டு வேல்ஸில் சோர்வும் கல்லும் ஒன்றாக வரும். ஒற்றையடிப் பாதையில் கை பழகியவர்களுக்கு அதுவும் நல்ல தொடக்கம்தான், மற்றவர்கள் அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம்.

நேராக கேப் எபிக் போய் முடித்தவர்களையும் எனக்குத் தெரியும். முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எட்டு நாளில் கால் மட்டும் சோர்வதில்லை. நான்காம் நாள் உள்ளங்கை மரத்துப்போகிறது, ஐந்தாம் நாள் சாப்பாட்டைப் பார்த்தாலே வெறுப்பு வருகிறது, உட்காரும் இடத்தில் ஒரு சின்னக் கொப்புளம் வந்தால் மீதி நாளெல்லாம் அதுவே உலகம். இதையெல்லாம் எப்படிச் சமாளிப்பது என்பதை மூன்று நாள் பந்தயத்தில் கொஞ்சம் குறைந்த விலைக்குக் கற்றுக்கொள்ளலாம். கட்டணமும் பல மடங்கு வித்தியாசம், வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் நேரமும் அப்படியே. சானிக்கு வாரத்துக்கு ஆறு, எட்டு மணி நேரப் பயிற்சி நான்கைந்து மாதம் போதும். கேப் எபிக்குக்கு வாரம் பத்து, பன்னிரண்டு மணி நேரமாவது ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேண்டும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் இந்த நான்கு மணி நேர வித்தியாசம் யார் தலையில் விழுகிறது என்பதை, பதிவு செய்வதற்கு முன்பே துணைவியிடமோ துணைவரிடமோ உட்கார்ந்து பேச வேண்டும். நான் பேசாமல் விட்டு, பின்னால் வருந்தியிருக்கிறேன்.

யாரோடு ஓட்டுவது

சைக்கிளைப் பற்றி மாதக்கணக்கில் யோசிக்கிறோம், தோழரைப் பற்றி ஐந்து நிமிடம்கூட யோசிப்பதில்லை. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், "சரி, நான் வரேன்" என்பார், முடிந்தது. என் முதல் சானியில் அதுதான் நடந்தது.

அவர் என்னை விட வலுவானவர், மிக நல்ல மனிதர். முதல் நாள் முதல் 30 கிலோமீட்டர் அவர் பின்சக்கரத்தை விடாமல் துரத்தினேன். அவர் வேகமாக ஓட்டுவதாகவே அவருக்குத் தோன்றவில்லை. 'கொஞ்சம் மெதுவாக' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டாம் நாள் உம்கோமாஸிலிருந்து ஏறும்போது இரண்டு தொடையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டது. புல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவர் மேலே போய்க் காத்திருந்து, காத்திருந்து, இறங்கி வந்தார். கோபப்படவே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்று ராத்திரி கூடாரத்தில் பேசி ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். ஏற்றத்தில் மெதுவானவர் முன்னால், அவர் வேகம்தான் அணியின் வேகம். சமதளத்திலும் எதிர்காற்றிலும் வலுவானவர் முன்னால், மற்றவர் அவர் பின்னால் ஒதுங்கி மூச்சு வாங்கலாம். இறக்கத்தில் திறமையானவர் முன்னால் போய், கீழே நின்று காத்திருப்பார். மூன்றாம் நாள் அப்படி ஓட்டினோம். மூன்று நாளில் அதுதான் எங்களுக்கு நல்ல நாள், கால் எவ்வளவு காலியாக இருந்தும்.

ஆகவே சமவேகத் தோழரா, மனம் ஒத்த தோழரா என்று தேர்வு வந்தால் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன். வேகத்தில் பத்து, பதினைந்து சதவீத வித்தியாசத்தை ஒழுங்கு சரிக்கட்டிவிடும். களைத்த நேரத்தில் முகம் சுளிப்பவரோடு எந்த ஒழுங்கும் பலிக்காது. அதைத் தெரிந்துகொள்ள வழி ஒன்றுதான்: பந்தயத்துக்கு மூன்று மாதம் முன்பாவது இருவரும் சேர்ந்து, அடுத்தடுத்து இரண்டு நாள் நீளமாக ஓட்டிப் பாருங்கள். இரண்டாம் நாள் மூன்றாவது மணி நேரத்தில் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசுகிறீர்கள் என்று கவனியுங்கள்.

ஹார்ட்டெயிலா, ஃபுல் சஸ்பென்ஷனா

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். முன்னால் மட்டும் ஷாக், அதாவது அதிர்ச்சி தாங்கும் அமைப்பு, இருப்பது ஹார்ட்டெயில். பின்னாலும் இருப்பது ஃபுல் சஸ்பென்ஷன். ஒரே விலையில் வாங்கினால் ஹார்ட்டெயில் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ இலகுவாக இருக்கும். அல்லது அதே எடைக்குப் பல ஆயிரம் ராண்ட் குறையும். கழுவித் துடைப்பது சுலபம். பின் ஷாக், இணைப்புகளில் இருக்கும் பேரிங் என்று கெட்டுப்போகும் சாமான் குறைவு.

அப்படியென்றால் எதற்கு மற்றது? ஒரு மணி நேர ஓட்டத்தில் இதற்குப் பதில் கிடைக்காது. கரடான பாதையில் ஹார்ட்டெயில் ஓட்டுபவர் அடிக்கடி இருக்கையிலிருந்து எழுந்து, காலையும் முழங்கையையும் மடக்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டும். பின் ஷாக் இருந்தால் உட்கார்ந்தபடியே மிதித்துக்கொண்டு போகலாம். ஐந்து மணி நேரத்தில் இப்படி எழுந்து உட்காருவது ஆயிரக்கணக்கான தடவை. அதன் பாக்கி இடுப்பிலும் உள்ளங்கையிலும் சேர்ந்துகொண்டே போய், அடுத்த நாள் காலையில் கேட்டு வாங்கும். அதனால் ஏற்றத்தில் கூடுதல் ஒரு கிலோ சுமப்பது எட்டு நாள் பந்தயத்தில் நல்ல பேரம். கேப் எபிக்குக்கு முன்னும் பின்னும் 100 முதல் 120 மில்லிமீட்டர் வரை ஷாக் உள்ள 29 அங்குலச் சக்கர சைக்கிள்தான் சரி, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சானிக்கு? கையில் நல்ல ஹார்ட்டெயில் இருந்தால் அதிலேயே போங்கள். புதுசு வாங்கக் கடன் வாங்க வேண்டாம். பின்னால் 2.35 அங்குல அகல டயர் ஏறுமா என்று பாருங்கள். ஏறினால் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்துப் பாதி சுகத்தை அங்கேயே வாங்கிவிடலாம். முதல் சானியை ஹார்ட்டெயிலில்தான் ஓட்டினேன், இடுப்பு வலித்தது, முடித்தேன். சைக்கிளே இல்லை, புதிதாகத்தான் வாங்கப் போகிறேன் என்பவர் மட்டும், பின்னால் கேப் எபிக் ஆசை இருந்தால், இப்போதே ஃபுல் சஸ்பென்ஷன் வாங்கிவிடுவது சிக்கனம். எதை வாங்கினாலும் பந்தயத்துக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே வாங்குங்கள். இருக்கை உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் பிசகினாலும் ஒருநாள் ஓட்டத்தில் தெரியாது, மூன்றாம் நாள் முழங்கால் சொல்லிவிடும்.

டயரில் மட்டும் இலகுவைத் தேடாதீர்கள். நம் ஊர் நெருஞ்சி முள் தெரியும்தானே? அதே செடி இங்கேயும் படர்ந்து கிடக்கிறது, ஆஃப்ரிகான்ஸில் டபல்கி என்பார்கள். சாதா டியூப் போட்டால் ஒரு மதியத்திலேயே நாலைந்து பஞ்சர். டியூப் இல்லாத டியூப்லெஸ் டயரும், ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் சீலன்ட் திரவமும் இல்லாமல் இந்த நாட்டில் காட்டுப் பாதைக்குப் போகவே கூடாது. சீலன்ட் இரண்டு, மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பு திறந்து பார்த்துப் புதிதாக ஊற்றுங்கள், 29 அங்குலச் சக்கரத்துக்கு 100 மில்லி அளவு. பக்கச்சுவர் தடித்த டயர் ஒன்றுக்கு 100, 150 கிராம் கூடும், கூடட்டும். கூரான கல் பக்கச்சுவரைக் கிழித்தால் சீலன்ட் அடைக்காது.

பையில் வைக்கும் சாமானில் ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். பின்கியரை ஃபிரேமோடு இணைக்கும் சின்ன அலுமினியத் துண்டு, டெரெய்லர் ஹேங்கர். அடிபட்டால் ஃபிரேம் உடையாமல் அது வளைந்து கொடுக்க வேண்டும், அதற்காகவே மெல்லியதாகச் செய்திருக்கிறார்கள். அது பெரும்பாலும் ஃபிரேமுக்கு ஃபிரேம் வேறுபடும். "இது எல்லாத்துக்கும் பொருந்தும்" என்று சொல்லி ஒரு கடையில் எனக்கு ஒன்றைத் தந்தார்கள். வைத்துப் பார்க்காமலே பையில் போட்டுக்கொண்டேன். இரண்டாவது சானியில் ஒரு கல் பின்கியரில் மோதி ஹேங்கர் வளைந்தது. எடுத்து வைத்தால் ஓட்டையே சேரவில்லை. கையாலேயே நிமிர்த்தி, மூன்று கியரை மட்டும் வைத்துக்கொண்டு 40 கிலோமீட்டர் ஓட்டினேன். உங்கள் ஃபிரேமின் எண்ணைச் சொல்லி வாங்குங்கள், வாங்கி வீட்டில் ஒரு தடவை மாட்டிப் பாருங்கள். பிரேக் பேட் ஒரு ஜோடி, செயின் இணைப்பு இரண்டு, டயர் ஓட்டையை அடைக்கும் பிளக், கைப்பம்பு, அவ்வளவு போதும்.

பயிற்சி: நீளமா, அடுத்தடுத்தா

ஞாயிறு ஒரு நாள் ஆறு மணி நேரம் ஓட்டுவதா? சனி நான்கு மணி நேரம், ஞாயிறு மூன்று மணி நேரம் என்று பிரிப்பதா? ஒருநாள் பந்தயத்துக்கு முதலாவது. பல நாள் பந்தயத்துக்கு இரண்டாவது. களைத்த காலோடு ஞாயிறு காலை கிளம்பும் அந்த முதல் அரைமணி நேரத்தில்தான் உண்மையான பயிற்சி நடக்கிறது. வேகம் பிடிக்காது, மனம் திரும்பிப் போகச் சொல்லும். நாற்பது நிமிடம் கழித்து உடம்பு மெல்ல இளகும். 'இளகும்' என்பதை ஒருமுறை அனுபவித்துத் தெரிந்துகொண்டவருக்கு மூன்றாம் நாள் காலை பயம் இருக்காது.

மாதம் இருமுறை இப்படி அடுத்தடுத்து ஓட்டினால் போதும், ஒவ்வொரு வாரமும் வேண்டாம். மீதி நாட்களில் பெரும்பகுதி, முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகத்தில் இருக்கட்டும். வாரம் ஒருமுறை மூச்சு முட்டும் ஏற்றப் பயிற்சி. பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்பு நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். அந்த இரண்டு வாரத்தில் 'இன்னும் கொஞ்சம்' என்று ஓட்டிக் கெடுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

வீட்டுக்குள் டிரெய்னரில், அதாவது சைக்கிளை நிறுத்தி வைத்து மிதிக்கும் கருவியில், ஓட்டுவதா, வெளியிலா? வாரநாட்களில் வீட்டுக்குள், இருட்டில் தார்ச்சாலை வேண்டாம். இதை நான் வெறும் எச்சரிக்கையாகச் சொல்லவில்லை. மலைச் சைக்கிள் வீரர் பரி ஸ்டாண்டர் இதே நட்டால் தென்கரையில் வளர்ந்தவர். 2011இல் சுவிஸ் வீரர் கிறிஸ்டோஃப் சவுசரோடு கேப் எபிக்கை வென்றார், ஆண்கள் பிரிவில் அதை வென்ற முதல் தென்னாப்பிரிக்கர் அவர். மறு வருடமும் வென்றார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம். 2013 ஜனவரி 3ஆம் தேதி ஷெல்லி பீச்சில் பயிற்சியில் இருந்தபோது மினிபஸ் டாக்ஸி மோதி இறந்தார். அப்போது வயது 25. அவ்வளவு திறமையான ஓட்டுநருக்கே சாலையில் அதுதான் நேர்ந்தது. வார இறுதியில் ஜோகன்னஸ்பர்க்கின் பிராம்ஃபான்டைன் ஸ்ப்ரூட் பாதைக்கோ மாடர்ஃபான்டைன் காப்பகத்துக்கோ போய்விடுங்கள். மண்ணில் ஓட்டும் பழக்கமும் சேர்ந்து வரும். வெளியே ஓட்டாமல் டிரெய்னரிலேயே தயாராகிப் போனால் கால் தாங்கும், ஆனால் கையும் கழுத்தும் தாங்காது.

சாப்பாடும் தூக்கமும்

ஓடும்போது மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று வைத்துக்கொள்ளுங்கள், பழகினால் 80, 90 வரை வயிறு ஏற்கும். ஒரு வாழைப்பழத்தில் 25 கிராம் இருக்கும். பாகு போல இனிக்கும் ஜெல் பாக்கெட் விற்பவர்கள் ஜெல்தான் வழி என்பார்கள். முதல் நாள் சரி, மூன்றாம் நாள் அந்த இனிப்பு வாயில் வைக்க முடியாது. இங்கே தண்ணீர் மேசைகளில் வேகவைத்த உருளைக்கிழங்கை உப்பில் புரட்டி வைத்திருப்பார்கள். வெயிலில் அதைப் போல் இறங்கும் உணவு வேறு இல்லை. ஜெல்லும் கிழங்கும் கலந்து பழகுங்கள், பயிற்சியிலேயே.

முடித்தவுடன் வரும் முதல் இரண்டு, மூன்று மணி நேரம்தான் அந்த 17 மணி நேரத்தில் மிக முக்கியம். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் வீதம் மணிதோறும் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். 70 கிலோ ஆள் என்றால் மணிக்கு 70 கிராம், அதாவது ஏறக்குறைய 250 கிராம் வெந்த சோறு. அதனால் ஒரு டப்பாவில் தயிர்சாதம் கட்டி முகாம் மூட்டையில் வைத்துக்கொள்கிறேன், முதல் நாளுக்காவது. உப்பும் புளிப்பும் சேர்ந்த அது, வேறு எதுவும் பிடிக்காத நேரத்திலும் இறங்கும். பக்கத்தில் இருந்தவர்கள் முதலில் விநோதமாகப் பார்த்தார்கள், அப்புறம் ஒரு கரண்டி கேட்டார்கள்.

முகாம் கூடாரமா, வெளியே அறையா? மூன்று நாள் பந்தயத்தில் கூடாரத்திலேயே இருங்கள், கட்டணத்திலேயே அடக்கம். காரில் போய் வரும் நேரத்தைத் தூங்கலாம், மாலையில் மற்றவர்களோடு பேசுவதும் சுகம். மே மாத இரவு உள்நாட்டில் நன்றாகக் குளிரும், தடித்த தூக்கப் பையும் காதடைப்பானும் எடுத்துப் போங்கள். எட்டு நாள் என்றால் பணம் இருப்பவர்கள் வேனோ அறையோ எடுத்துக்கொள்வதில் தவறே இல்லை. நான் கேப் எபிக்கில் எட்டு நாளும் கூடாரத்தில் படுத்தேன். ஆறாம் நாளுக்குப் பிறகு தூக்கம் துண்டு துண்டாகத்தான் வந்தது. அடுத்த முறை வேறு எதிலாவது மிச்சம் பிடித்தாவது கட்டிலில் படுப்பேன்.

பேட் வைத்த டிரவுசர் நாளுக்கு ஒன்று, துவைத்து ஈரத்தோடு போடவே கூடாது. முடித்தவுடன் அதைக் கழற்றிக் குளித்துவிட வேண்டும், அரட்டையெல்லாம் அப்புறம். தோல் உராயாமல் தடுக்கும் கிரீம் காலையில் தாராளமாக. இதற்கு மேல் இந்த விஷயத்தில் சொல்ல ஒன்றும் இல்லை, கேட்டால் பிழைத்தீர்கள்.

அந்தத் தம்பி மே மாத சானிக்குப் பதிந்துவிட்டார். இருக்கும் ஹார்ட்டெயிலிலேயே போகிறார், டயர் மட்டும் மாற்றியிருக்கிறார். கேப் எபிக்கை இரண்டு வருடம் தள்ளி வைத்திருக்கிறார். போன ஞாயிறு முதல் தடவையாக அடுத்தடுத்த இரண்டாம் நாள் ஓட்டிவிட்டு வந்து, "அண்ணா, முதல் அரைமணி நேரம் செத்தேன், அப்புறம் சரியாயிடுச்சு" என்று செய்தி அனுப்பினார். கூட ஓட்டப்போகும் தோழர் யார் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. இரண்டு பேர் கேட்டிருக்கிறார்களாம். இருவரையும் தனித்தனியே ஒரு சனி ஞாயிறு கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறேன்.